ஒரு படி தவிடு

சேசு மரி சூசை துணை

தாராவி, பம்பாய்
3-8-1951

அன்புள்ள அத்தைக்கு, மருமகன் சந்தியாகு எழுதிக்கொண்டது.

நான் நல்ல சுகம். போன தடவை எழுதியிருந்த முழங்கால் வலி இப்போது எப்படி? போர்டிங்கில் இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு பொங்குகிறவர் நின்றுகொண்டே வேலை பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

நல்ல சமாச்சாரம். உங்கள் கொழுந்தனார் அருளப்பன் மாமா, ரெஜினாவை எனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் வீட்டில் டீ குடித்ததற்குப் பலன் கிடைத்தது. மாமா மகள், முறைப்பெண், ஜாதகம் பார்க்கிற வேலையும் நமக்கு இல்லை. நவம்பரில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். டிசம்பர் பிறந்தால் ஆகமன காலம், கோயிலில் கலியாணம் கிடையாது.

ஒரே ஒரு காகிதம் வேண்டும். இங்குள்ள கோவாக்காரச் சாமியார், பிறந்த பங்கிலிருந்து ஞானஸ்நானச் சர்ட்டிபிகேட் கேட்கிறார். சூசைக்குளம் கோயில் புத்தகத்தில் இருக்கும். 1924, சந்தியாகப்பர் திருநாள் அன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை குருவிகுளம் பஸ் ஏறிப் போனால் அரை மணி வேலை. அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். அப்பாவுக்குப் பின்னால் அவளும் போய் ஒரு வருஷமாகிறது. ஊரில் எனக்கென்று இருப்பது அப்பாவின் தங்கை நீங்கள் ஒருவர்தான்.

சீக்கிரம் அனுப்புங்கள். உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கும்,
சந்தியாகு

*

சேசு மரி சூசை துணை

சங்கரன்கோவில்
29-8-1951

அன்பு மருமகன் சந்தியாகுவுக்கு, அத்தை மதலேன் வாழ்த்தி எழுதுவது.

கர்த்தர் புண்ணியத்தில் இருக்கிறேன். முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு உலையில் அரிசி போட மறந்துபோனேன், மதர் வந்து சத்தம் போட்டார்கள். அவ்வளவு சந்தோஷம். ரெஜினாவை நான் ஆறு வயதில் பார்த்தது. அப்போதே வாயாடி. உனக்கு அப்படி ஒருத்திதான் சரி.

நீ கேட்ட காகிதத்துக்குப் போகத்தான் நினைத்தேன். ஆடித் தபசுக்குக் கோமதியம்மன் கோயிலில் கூடிய கூட்டம் ஊர் போய்ச் சேரவே பல நாளாயிற்று. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பிறகு விசாரித்தேன், சூசைக்குளத்துச் சாமியார் தியானத்துக்குப் போய்விட்டாராம். புத்தகப் பெட்டிச் சாவி அவரிடம்தான் இருக்குமாம். வந்ததும் பார்க்கலாம்.

புளியங்குடி எலுமிச்சை மலிவாகக் கிடைத்தது. ஊறுகாய் போட்டு, பம்பாய் வருகிற துரைப்பாண்டியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஜாடியைத் திறக்கும்போது ஈரக்கையை விடாதே. சாயங்காலம் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே.

என்றும் உன் நினைவாக,
அத்தை மதலேன்

*

சேசு மரி சூசை துணை

பம்பாய்
12-9-1951

அன்புள்ள அத்தைக்குச் சந்தியாகுவின் தோத்திரம். சுகத்துக்குக் குறைவில்லை. ஊறுகாய் வந்தது. அறையில் இருக்கிற நான்கு பேரும் இரண்டே நாளில் வழித்து நக்கிவிட்டார்கள்.

ஊறுகாய் வந்தது, காகிதம் வரவில்லை. துரைப்பாண்டி வருகிறான் என்று தெரிந்திருந்தால் அவனிடமே கொடுத்துவிட்டிருக்கலாமே! நீங்கள் வருஷம் தவறாமல் சந்தியாகப்பர் திருநாளுக்குச் சூசைக்குளம் போகிறவர். ஜூலையில் போனபோது பஸ்ஸில் இடம் இருந்ததா இல்லையா? சாமியார் தியானத்துக்குப் போனால் பத்து நாளில் திரும்பிவிடுவார், ரோமாபுரிக்கா போனார்? உபதேசியார் வியாகப்பன் அங்கேதானே இருக்கிறார்? அவரிடம் சாவி இல்லாமலா?

மாமா தினமும் கேட்கிறார். "ஏலே, ஒரு காயிதம் வாங்க இம்புட்டு நாளா? ஒனக்கு ஞானஸ்நானம் ஆச்சா இல்லையா?" என்று நான் வேலை பார்க்கிற ஒர்க்ஷாப் வாசலில் நின்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதில் வேண்டாம், காகிதம் போதும்.
சந்தியாகு

*

சேசு மரி சூசை துணை

சங்கரன்கோவில்
25-10-1951

அன்பு மருமகனுக்கு அத்தையின் ஆசீர்.

இங்கு எல்லாம் வழக்கம்போல. உனக்கு இருமல் என்று துரைப்பாண்டி பெண்சாதி சொன்னாள். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடி. பம்பாயில் சுக்கு கிடைக்காதா?

எழுதத் தாமதமாகிவிட்டது. போன வாரம் புறப்பட்டேன். குருவிகுளம் ரோட்டில் ஓடையில் வெள்ளம், பஸ் திரும்பிவிட்டது. போதாததற்குப் பழைய புத்தகங்களில் கரையான் பிடித்திருக்கிறது என்று சொல்கிறார்கள். 1924ஆம் வருஷத்துப் பக்கம் இருக்கிறதோ இல்லையோ. அந்தக் காகிதம் இல்லாமல் அங்கே முடியாதா? உன்னைத் தெரிந்த நாலு பேர் சாட்சி சொன்னால் சாமியார் ஏற்றுக்கொள்ள மாட்டாரா? கேட்டுப் பார். ரெஜினாவுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன், மயில்கழுத்து நிறம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அத்தை

*

சேசு மரி சூசை துணை

பம்பாய்
30-11-1951

அத்தைக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் வெள்ளத்தைப் பற்றி. தெற்கே மழை பொய்த்துவிட்டது, கம்பு கருகிவிட்டது, கிணற்றில் தண்ணீர் இல்லை என்று இங்கே வருகிற தமிழ்ப் பேப்பரில் போட்டிருக்கிறான். ஓடையில் வெள்ளம் உங்களுக்கு மட்டும் வந்ததா? அதைப் படித்த அன்றே உபதேசியாருக்கு நேராக எழுதினேன். பன்னிரண்டாம் நாள் சர்ட்டிபிகேட் வந்துவிட்டது. கரையானும் இல்லை, ஒன்றும் இல்லை. உறையைப் பிரிக்காமல் அப்படியே கோவாச் சாமியார் கையில் கொடுத்தேன். மாமாவும் பக்கத்தில் இருந்தார்.

சாமியார் வாசித்தார். பெயர் சந்தியாகு. தகப்பன் இஞ்ஞாசி. தாய் மதலேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "இஞ்ஞாசியா? அது எங்க அண்ணன்லா!" என்று கத்திவிட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வெளியே வந்து யோசித்திருக்கலாம். சாமியாருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மாமாவுக்கு இந்தி தெரியும். தெரிந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். சாமியார் ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு கோடு போட்டு, மேலே என் தாத்தா என்று யாரையோ எழுதி, கீழே ஒரு பக்கம் என்னையும் மறுபக்கம் ரெஜினாவையும் எழுதிக் காட்டினார். அண்ணன் பிள்ளை, தம்பி பிள்ளை. பங்காளி. அதாவது அவள் எனக்குத் தங்கை!

நான் தொம்மைக்கும் செபமாலைக்கும் பிறந்தவன், இது எழுத்துப் பிசகு, இஞ்ஞாசி என் அத்தை புருஷன் என்று தொண்டை வறளச் சொன்னேன். "புத்தகம் அப்படிச் சொல்லவில்லையே" என்கிறார். பிஷப் மேற்றிராணியாரிடம் விலக்கு உத்தரவு வாங்கினால் சித்தப்பா மகளைக்கூடக் கட்டலாமாம். அதைக் கேட்டதும் மாமா எழுந்துவிட்டார். "அண்ணந்தங்கச்சிக்குக் கல்யாணம்னு பேப்பர் வாங்கச் சொல்லுதியா? ஊர்ல நான் தலை காட்டண்டாமா?" என்று என்னைப் பார்த்துக் கத்துகிறார். நானா எழுதினேன்? எனக்கு அப்போது வயது ஒன்பது நாள்!

நவம்பர் போயிற்று. இது எப்படி வந்தது? உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் நான்கு மாதமாகக் கரையானையும் வெள்ளத்தையும் எழுதியிருக்கிறீர்கள். இனி ஒரு சாக்கும் வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்.

சந்தியாகு

*

சேசு மரி சூசை துணை

சங்கரன்கோவில்
14-12-1951

மருமகன் சந்தியாகுவுக்கு அத்தை எழுதுவது. நீ கோபத்தில் சாப்பிடாமல் இருப்பாய். முதலில் சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

ஓடையில் வெள்ளம் வரவில்லை. நான் பொய் எழுதினேன்.

உனக்கு முன்னால் உன் அம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். ஒன்றும் வருஷம் தாண்டவில்லை. நான்காவதைக் குழியில் வைத்துவிட்டு வந்த அன்று என் மதினி அழக்கூட இல்லை. நீ பிறந்ததும் உன்னைத் தொடவே பயந்தாள். தவிட்டுக்கு விற்பது உனக்குத் தெரியும். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த பிள்ளையை வேறொருத்தி ஒரு படி தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். அது அவள் பிள்ளை என்றாகிவிட்டால் சாவு இந்த வீட்டைத் தேடி வந்து ஏமாந்து போகும் என்பார்கள். வேதக்காரர்கள் இதையெல்லாம் செய்யக்கூடாது என்று சாமியார் பிரசங்கம் வைப்பார். எல்லோரும் கேட்டுக்கொண்டு வந்து செய்வார்கள். சின்ன வயதில் உன்னைத் தவிடன் என்று தெருவில் கூப்பிட்டது அதனால்தான்.

நான் வாங்கினேன். எனக்குக் கலியாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. முறத்தில் தவிட்டைக் கொண்டுபோய் உன் அம்மா மடியில் கொட்டிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டேன். "ஏட்டி மதலேன், இது ஒம் பிள்ளை. நான் சும்மா பால் குடுக்கேன், அம்புட்டுதான்" என்றாள். அந்தத் தவிட்டை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. கொடுத்தால் பிள்ளை பழைய வீட்டுக்கே திரும்பிவிடும் என்று பயம்.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஒன்பதாம் நாள் ஞானஸ்நானத்துக்கு நான்தான் உன்னைக் கையில் வைத்திருந்தேன். வெள்ளைக்காரச் சாமியார் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, யார் வீட்டில் யார் என்று அவருக்குத் தெரியாது. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "தாய் யார்?" என்று கேட்டார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். தன் பேரைச் சொன்னால் அந்த இடத்திலேயே உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். சாமியார் இரண்டாம் தடவை கேட்டார். நான்தான் என்றேன். உன் இஞ்ஞாசி மாமாவும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தகப்பன் நான் என்றார்.

நீ பிழைத்துக்கொண்டாய். உன் அம்மாவே வளர்த்தாள், நீ என்னை அத்தை என்றாய். புத்தகத்தைப் பற்றி ஒருவரும் பிறகு பேசவில்லை.

இதுதான் நடந்தது. சேலை இன்னும் பெட்டியில் இருக்கிறது.
அத்தை

*

சேசு மரி சூசை துணை

பம்பாய்
29-12-1951

அத்தைக்குச் சந்தியாகு எழுதுவது. கிறிஸ்துமஸ் நல்லபடியாகக் கழிந்திருக்கும். எனக்குக் கழிந்த லட்சணத்தை எழுதினால் தபால் தலை போதாது.

உங்கள் கடிதத்தைக் கோவாச் சாமியாருக்கு வரிவரியாகச் சொன்னேன். தவிடு என்பதை அவருக்கு விளக்க ஒரு மணி நேரமாயிற்று. வழி ஒன்றும் கஷ்டமில்லை. புத்தகத்தில் தாய் என்று இருக்கிறவர் சூசைக்குளம் சாமியார் முன்னால் சுவிசேஷத்தின் மேல் கைவைத்து, இவன் என் வயிற்றில் பிறந்தவனல்ல என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஓரத்தில் திருத்தம் எழுதிவிடுவார். தாத்தா, மருத்துவச்சி, பழைய உபதேசியார், எல்லோரும் செத்துப்போனார்கள். சொல்வதற்கு மீதி இருப்பது நீங்கள் ஒருவர்தான். பிப்ரவரி 27 சாம்பல் புதன். அதற்கப்புறம் தவக்காலம், ஈஸ்டர்வரை கலியாணம் இல்லை. அதற்குள் முடிய வேண்டும்.

தேர்தல் வருகிறது, ஓட்டுப்பெட்டி வருகிறது, போர்டிங்கில் போலீஸ் வந்து தங்கியிருக்கிறது என்றெல்லாம் எழுதாதீர்கள். நானே எழுதிவிட்டேன்.

மாமா ஒன்று சொல்கிறார். இஞ்ஞாசி மாமா இறந்தபோது தான் அடக்கத்துக்கு வரவில்லை என்று உங்களுக்கு அவர் மேல் ஆறாத கோபம், அதனால்தான் இழுக்கிறீர்கள் என்கிறார். இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு பொய்யைச் சொல்ல ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது, நிஜத்தைச் சொல்ல ஐந்து மாதமா? கொடுத்தது ஒரு படி தவிடுதானே. வேண்டுமானால் ஒரு மூட்டையாகவே அனுப்பிவிடுகிறேன். வாங்கிக்கொண்டு என்னை விடுங்கள்.

சந்தியாகு

*

சூசைக்குளம்
18-2-1952

பம்பாய் சந்தியாகு அவர்களுக்கு, சூசைக்குளம் கோயில் உபதேசியார் வியாகப்பன் வந்தனத்துடன் எழுதியது. யாவரும் சுகமென்று நம்புகிறேன்.

தங்கள் அத்தைக்கு எழுதிய கார்டுகள் இரண்டுக்கும் பதில் இல்லையென்று என்னை விசாரித்துக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் நோயில்லாமல் இருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தார்கள். சாமியாரும் மூன்று தடவையும் இருந்தார். புத்தகத்தை எடுத்து விரித்தேன். பேனாவை மையில் தொட்டுக் கையில் கொடுத்தேன். அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உபதேசியாரே, இன்னைக்குக் கை வரல. அடுத்த ஞாயித்துக்கிழம வாரேன்" என்று சொல்லிப் போய்விட்டார்கள். மூன்றாம் தடவை சாமியார் சற்றுக் கோபித்துக்கொண்டார்.

தாங்கள் வருத்தமாக எழுதியிருப்பதால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வேலைக்கு வந்து பதினான்கு வருஷம். ஒவ்வொரு வருஷமும் சந்தியாகப்பர் திருநாள் பூசை முடிந்து, சப்பரம் பார்க்கப் பெண்களெல்லாம் தேரடிக்குப் போன பிறகு, தங்கள் அத்தை மட்டும் என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். "அந்த எடத்த ஒருக்காக் காட்டுங்க" என்பார்கள். 1924ஐ எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டுவேன். தன் பேரை ஒரு தடவை விரலால் தொட்டுவிட்டு, மெழுகுதிரிக்கு ஓரணா போட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு முந்தி என் தகப்பனார் உபதேசியாராயிருந்த காலத்திலும் இதே வழக்கம்தானாம். என்ன ஏது என்று நாங்கள் கேட்டதில்லை. தங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்கும் விளங்கியது.

போன ஜூலை 25ஆம் தேதியும் வந்திருந்தார்கள்.

இப்படிக்கு,
வியாகப்பன்

*

சேசு மரி சூசை துணை

பம்பாய்
2-3-1952, ஞாயிறு

என் அன்பான அத்தைக்கு,

நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உபதேசியார் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா? சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். ஆகஸ்டில் சொல்லியிருந்தால், சிரித்துவிட்டு, சீக்கிரம் போய்க் கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கையெழுத்துப் போடாதீர்கள். புத்தகம் இருக்கிறபடி இருக்கட்டும். இன்று பூசை முடிந்ததும் கோவாச் சாமியாரிடம் போய், மேற்றிராணியாருக்கு விலக்குக் கேட்டு எழுதச் சொல்லிவிட்டேன். நிஜம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சந்தேகமாக இருந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று அந்த உத்தரவு வாங்குவதுண்டாம். இதைப் போன நவம்பரிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷர்.

மாமா குதித்தார். ரெஜினா உள்ளேயிருந்து வந்து, "எப்பா, ஊர் என்ன சொல்லும்னு பாத்துக்கிட்டே இருந்தா நான் கன்னியர் மடத்துலதான் சேரணும். பெரியம்மா பேரை அடிச்சிட்டு வார கல்யாணம் எனக்கு வேண்டாம்" என்றாள். மாமா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது ரெஜினாவிடம் டீ கேட்டார். சரி என்றுதான் அர்த்தம்.

அந்தத் தவிட்டு மூட்டை வார்த்தையை நான் எழுதியிருக்கக்கூடாது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சந்தியாகு

*

சேசு மரி சூசை துணை

சங்கரன்கோவில்
3-3-1952

அன்பு சந்தியாகுவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். உன் இரண்டு கார்டும் வந்தது. பதில் எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை.

நேற்று சூசைக்குளம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாமியார் சுவிசேஷத்தை நீட்டினார். "இந்தப் பிள்ளை உன் வயிற்றில் பிறந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவ்வளவுதான். நீ சொன்னது சரி, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கோயில் புத்தகத்தில் எதையும் அடிக்கக்கூடாதாம். என் பேரை அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் சின்ன எழுத்தில் ஏதோ லத்தீனில் எழுதினார். உன் அம்மா பேர் மட்டும் எனக்குப் படிக்கத் தெரிந்தது. அவளுக்குச் சேர வேண்டியதுதானே, சேர்ந்துவிட்டது.

நகலை உபதேசியார் இன்றைய தபாலில் அனுப்புகிறார். இனி ரெஜினா உனக்கு மாமா மகள்தான். அருளப்பனிடம் சொல், எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. அவன் அண்ணன் செத்தபோது பம்பாயிலிருந்து வந்து சேருவதற்குள் எடுத்துவிடுவோம் என்று எனக்குத் தெரியாதா?

தவிடு அனுப்ப வேண்டாம்.
அத்தை மதலேன்

*

சேசு மரி சூசை துணை

பம்பாய்
14-3-1952

அத்தைக்கு,

நீங்கள் சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா? நான் இரண்டும் சரியாகச் செய்யவில்லை.

நம் இரண்டு கடிதமும் எங்கோ குண்டக்கல் பக்கம் எதிரும் புதிருமாகத் தாண்டிப் போயிருக்கின்றன. ஏழு மாதமாக உங்களை அவசரப்படுத்தினேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஒரே தடவை பிந்திவிட்டேன். நீங்களும்தான்! ஏழு மாதம் சாக்குச் சொன்னவர் இன்னும் ஒரு வாரம் சொல்லியிருக்கக்கூடாதா? ஓடையில் வெள்ளம் வரக்கூடாதா? பஸ்ஸில் இடமில்லாமல் போயிருக்கக்கூடாதா? வேண்டிய நேரத்தில் உங்களுக்கு ஒரு பொய் வாயில் வரவில்லை.

நகலைச் சாமியார் படித்துவிட்டு மேற்றிராணியாருக்கு எழுதியிருந்த மனுவைக் கிழித்துப்போட்டார். ஏப்ரல் 21, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கலியாணம். கலியாணப் புத்தகத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். ரெஜினா பக்கத்துக்கு மாமாவின் மைத்துனர். என் பக்கத்துக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. இந்தப் பங்கில் கரையான் கிடையாது, புத்தகம் இரும்பு அலமாரியில் இருக்கிறது. இந்தத் தடவை நீங்கள் பொய் சொல்லவும் வேண்டாம், இல்லை என்று சொல்லவும் வேண்டாம். கண்ணால் பார்த்ததற்குக் கையெழுத்துப் போட்டால் போதும்.

துரைப்பாண்டி ஏப்ரல் பத்தாம் தேதி ஊரிலிருந்து புறப்படுகிறான். அவனோடு ஏறுங்கள். முழங்கால், போர்டிங், மதர், சாவி, ஒன்றும் எழுதாதீர்கள்.

எதிர்பார்த்திருக்கும்,
சந்தியாகு

*

சேசு மரி சூசை துணை

சங்கரன்கோவில்
22-3-1952

என் மகன் சந்தியாகுவுக்கு,

வாரேன். மதர் ஒரு மாதம் லீவு கொடுத்துவிட்டார்கள். சேலையை வெயிலில் காட்டி எடுத்து வைத்துவிட்டேன். ஊறுகாய் இரண்டு ஜாடி.

உன் கடிதம் வந்த அன்று அழுதேன். பிறகு, நீ திட்டியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். புத்தகத்தில் எழுதினதை நினைத்து இனி நீ வருத்தப்படாதே. அவர்கள் கேட்டது வயிற்றில் பிறந்ததைப் பற்றி. அதற்கு நான் சொன்ன பதில் நிஜம்தான்.

ஆனால் ஒன்று. உன் அம்மா சாகிறதற்கு இரண்டு நாளுக்கு முன்னால் நான் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். விளையாட்டாக, "மதினி, என் தவிட்டை எப்பத் தருவிய?" என்று கேட்டேன். பேச முடியாமல் கிடந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தரமாட்டேம் போ" என்றாள். கடைசிவரை தரவில்லை. அதை ஒரு சாமியாரும் ஓரத்தில் எழுதித் திருத்த முடியாது.

ஸ்டேஷனுக்கு நேரத்தோடு வா.

அம்மா
மதலேன்